வாலிபர் சங்கத்துக்கு ஆண்டு முழுவதும் செய்யத்தக்க ஊழியம் எது?

பொருநைக்கரையான் (கேள்வி):
அனைவருக்கும் தோத்திரம். எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரத்து) வாலிபர் சங்கத்தார் ஒவ்வொரு டிசம்பரிலும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, நோயாளிகளுக்கு ரொட்டியும் பழமும் கொடுத்து, ஜெபம் செய்து, புகைப்படம் எடுத்துத் திரும்புகிறோம். வேதாகமத்தில் யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் தியானித்தபோது, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனை வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவர்களோடு நாங்களும் சேர்ந்துவிட்டோமோ என்ற கேள்வி எழுந்தது. மருத்துவப் பயிற்சியோ பெரிய நிதியோ இல்லாத, வேலைக்கும் கல்லூரிக்கும் செல்கிற சுமார் இருபது பேர் ஆண்டு முழுவதும் எதைச் செய்யலாம்? அதோடு சுவிசேஷக் கைப்பிரதிகளும் கொடுக்கலாமா என்பதில் எங்களுக்குள் ஒருமனம் இல்லை.

காட்பாடி செவிலி:
தம்பி, உங்கள் தெருக்களிலேயே பக்கவாதத்தாலோ முதுமையாலோ படுக்கையில் கிடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைவிட அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகளோ மருமகளோ அதிகம் களைத்திருப்பார். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்பதால், ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போகக்கூட அந்தப் பெண்ணால் வீட்டை விட்டு நகர முடியாது. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில் இருவர் சென்று நோயாளியின் அருகில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வெளியே போய்வர வழி கிடைக்கும். புரட்டும் முறையையும் உணவு ஊட்டும் முறையையும் அருகிலுள்ள செவிலியரிடம் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் ஊட்டினால் புரையேறி ஆபத்தாகிவிடும்.

வேலூர்க்காரன்:
அக்கா சொன்ன 'முதலில் கற்றுக்கொள்ளுங்கள்' என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் ஒரே இரவில் உதவியின்றி மாண்டதைக் கண்டு, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் தம்மை மருத்துவ ஊழியத்துக்கு அர்ப்பணித்த கதையை ஞாயிறு பள்ளியில் கேட்காதவர் நம்மில் குறைவு. ஆனால் அந்த இரவுக்குப் பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்ற பிறகே வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார் என்பதை ஏனோ விரைவாகக் கடந்துவிடுகிறோம். நோயாளிகள் வரட்டும் என்று காத்திராமல் கிராமத்துச் சாலையோரங்களுக்கு அவரே சென்று மருந்து கொடுத்ததும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் அதன் தொடர்ச்சி. 'ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய' என்பதைக் குறிக்கோளாகக் கொண்ட வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) அப்படித்தான் வளர்ந்தது. உணர்ச்சிவசப்பட்டு நாளையே ஐம்பது வீடுகளை ஏற்காதீர்கள். மூன்று வீடுகள் போதும்.

எம்மாவூர் வழிப்போக்கன்:
கைப்பிரதி குறித்து மட்டும் சொல்கிறேன். உங்கள் உதவியை நம்பிப் படுத்திருப்பவரால் நீங்கள் நீட்டுவதை மறுக்க இயலாது; ஆகவே அந்த இடத்தில் கொடுப்பது முறையல்ல. இயேசு சொன்ன உவமையில், நல்ல சமாரியன் வழியில் கிடந்த காயப்பட்டவனிடம் எந்த நிபந்தனையும் பேசவில்லை; சத்திரத்தானிடம் இரண்டு பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். ஜெபம் வேண்டும் என்று அவர்களே கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள்.

பொருநைக்கரையான்:
நன்றி. அக்கா, பெண் நோயாளி உள்ள வீட்டுக்கு ஆண்களை அனுப்பலாமா?

காட்பாடி செவிலி:
உடல் பராமரிப்புக்குப் பெண்களையே அனுப்புங்கள், தம்பி. மருந்து வாங்கவும் மருத்துவமனைச் சீட்டு எடுக்கவும் ஆண்கள் போகலாம். அதற்கும் முதலில் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்.