12 நாள் மலை நடை, லேப்டாப் கிடையாது: படங்களை எதில் நகலெடுத்து வைப்பது?

நடைவழி

வணக்கம். அடுத்த மாதம் நானும் என் தங்கையும் 12 நாள் மலை நடைப்பயணம் போகிறோம். எல்லாவற்றையும் முதுகில்தான் சுமக்க வேண்டும் என்பதால் லேப்டாப் வீட்டிலேயே இருக்கும். வழியில் இரண்டே இடங்களில் மின்சாரம் உண்டு. நடுவில் 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடக்கிறோம்.

என் கேமரா 24 மெகாபிக்சல். ரா கோப்பு (கேமரா பதியும் மூலப் படக் கோப்பு) ஒன்று சுமார் 28 எம்பி வருகிறது. பறவைகள் அமைந்துவிட்டால் ஒரே நாளில் 800 படம்கூட எடுத்துவிடுவேன். கேமராவில் ஒரு கார்டுதான் போடலாம். கையில் 128 ஜிபி கார்டு இரண்டு, 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருக்கின்றன. ஒவ்வோர் இரவும் போன் வழியாகக் கார்டில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கார்டை அழித்து மறுநாள் பயன்படுத்தலாம் என்பது என் திட்டம். இதில் ஓட்டை இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆலாக்கரை

ஓட்டை இருக்கிறது, பெரிய ஓட்டை. கார்டை அழித்த அந்த நொடியில் உங்கள் படங்கள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கும். அது நகல் அல்ல, இடமாற்றம்.

இதே திட்டத்தோடு நான் ஓர் ஆற்று மணல்திட்டில் ஆறு நாள் கிடந்தேன். ஆலாக்கள் முட்டையிட்டிருந்தன. உச்சி வெயிலில் மணல் கொதிக்கும்போது தாய்ப்பறவை ஆற்றில் இறங்கி வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வரும். சொட்டச் சொட்ட முட்டைகளின் மேல் உட்காரும். அந்த ஈரம்தான் முட்டைகளைக் காக்கும். வயிற்றிலிருந்து ஒரு துளி பிரிந்து முட்டையின் புள்ளிகள் மேல் விழும் கணம் எனக்கு நான்காம் நாள் கிடைத்தது. அன்றிரவு மடக்கு முக்காலியின் மேல் ஹார்ட் டிஸ்க்கை வைத்து நகலெடுத்துக்கொண்டிருந்தேன். இருட்டில் ஒருவர் கால் கேபிளில் பட்டது. முழங்கால் உயரம்கூட இருக்காது. கீழே விழுந்த டிஸ்க்கிலிருந்து சீரான 'டிக், டிக்' சத்தம் மட்டும் வந்தது. நான்காம் நாள் படங்கள் கார்டில் பத்திரமாக இருந்தன. முதல் மூன்று நாள்களின் கார்டுகளை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன். முட்டை பொரிந்து முதல் குஞ்சு வெளியே வந்தது இரண்டாம் நாள். அந்தப் படங்கள் இன்றுவரை திரும்பவில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான்: பயணம் முடியும்வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள். உங்கள் கணக்குப்படி ஒரு நாளுக்கு 22 ஜிபி, 12 நாளுக்கு 270 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இருக்கும் இரண்டு கார்டுகள் அந்த அளவை எட்டுவதில்லை. இன்னும் இரண்டு 128 ஜிபி கார்டு வாங்கினால் தாராளம். கார்டில் இருப்பது முதல் பிரதி, டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது.

அந்த இரண்டாவதற்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் எழுதும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளைச் சுமார் 3,000 மீட்டர் வரை இயக்கலாம் என்றே தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். உங்கள் கணவாய் அதற்கு 1,500 மீட்டர் மேலே. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். 500 ஜிபியே உங்களுக்குப் போதும், 1 டிபி என்றால் அடுத்த பயணத்துக்கும் ஆகும்.

தாழ்ப்பாள்

கார்டைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் தானே நகலெடுத்துக்கொள்ளும் தனிக்கருவிகளும் உண்டு. உள்ளேயே பேட்டரி இருக்கும், போன் தேவையில்லை. நான் சில ஆண்டுகள் அப்படி ஒன்றை வைத்திருந்தேன். வேலை சுலபம்தான். ஆனால் அந்த உள் பேட்டரி தேய்ந்த பிறகு மாற்ற வழியில்லாமல் போனது. திரை இல்லாத கருவி என்பதால் நகல் சரியாக விழுந்ததா என்று பார்க்கவும் முடியவில்லை. இன்று போனும் எஸ்எஸ்டியும் போதும் என்றே எனக்கும் தோன்றுகிறது.

கேபிளைக் கவனியுங்கள். சார்ஜ் செய்யக் கொடுக்கும் யுஎஸ்பி-சி கேபிள்களில் பல, தரவை யுஎஸ்பி 2.0 வேகத்தில்தான் கடத்தும். சில போன்களின் துளையே அந்த வேகம்தான். நல்ல கேபிளும் கார்டைச் செருகிப் படிக்கும் ரீடரும் இருந்தால் 22 ஜிபி ஐந்து நிமிடத்துக்குள் முடியும், யுஎஸ்பி 2.0 என்றால் பத்து நிமிடமாவது ஆகும். குளிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

நடைவழி

இருவருக்கும் நன்றி. ஆலாக்கரை, உங்கள் குஞ்சுப் படங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: கார்டுகளை அழிக்கப் போவதில்லை என்றால் எஸ்எஸ்டி எதற்கு? கார்டு மட்டும் போதாதா?

ஆலாக்கரை

போதாது. உங்கள் கேமராவில் ஒரே கார்டு. எடுத்த படத்துக்கு இரண்டாவது பிரதியே இருக்காது. கார்டு தபால்தலை அளவு பொருள்; மழையில் கையுறையோடு மாற்றும்போது புல்லில் விழுந்தால் தேடிக் கிடைக்காது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் படிக்க முடியாமல் போகும் கார்டுகளும் உண்டு.

நகலெடுத்ததும் கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை இறக்கிவிடுங்கள். தவறுதலாக மறுபடி கேமராவில் போட்டால் அது எழுத மறுத்துவிடும்.

பனிமுகடு

உயரமான இடங்களில் நிறைய நடந்தவன் என்ற முறையில் சில சொல்கிறேன். பவர் பேங்க்கை இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் நன்றாகவே குறையும். வெளியே குளிர்ந்துபோன எஸ்எஸ்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் செருகாதீர்கள், மேலே ஈரம் கட்டும். காற்றுப் புகாத பையில் போட்டே உள்ளே கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

ரீடர், எஸ்எஸ்டி இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் தரச் சில போன்களால் முடியாது, பாதியில் இணைப்பு அறுந்துவிடும். போனின் ஒரே துளையில் பல கருவிகளைச் செருக உதவும் ஹப் ஒன்று வாங்குங்கள், அதில் பவர் பேங்க்கை இணைக்கவும் துளை இருக்க வேண்டும். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஆனால் உங்கள் போன் அதைப் படிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட் எளிதில் குழம்பிவிடும், முறையாக வெளியேற்றிவிட்டே கழற்றுங்கள்.

நடைவழி

எஸ்எஸ்டி, ஹப், கார்டு எல்லாம் வந்துவிட்டன. நேற்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். கார்டில் 312 கோப்புகள், எஸ்எஸ்டியில் 187. பிழைச் செய்தி எதுவும் இல்லை! மறுபடி செய்து பார்த்தபோதுதான் புரிந்தது: போன் திரை அணைந்ததும் நகலெடுப்பது நின்றுவிடுகிறது. திரை அணையாதபடி அமைத்தபின் 312-ம் வந்தன. நான்கைந்து படங்களைத் திறந்தும் பார்த்துவிட்டேன்.

ஆலாக்கரை

வீட்டிலேயே கண்டுபிடித்தீர்களே, மிகவும் நல்லது. திறந்து பார்த்ததை மட்டும் நம்பாதீர்கள். ரா கோப்புக்குள் ஒரு சிறிய ஜேபெக் படமும் இருக்கும். போன் பெரும்பாலும் அதைத்தான் காட்டும். கோப்பின் பின்பாதி வராமல் போயிருந்தாலும் திரையில் படம் அழகாகவே தெரியும். எண்ணிக்கையோடு கோப்புறையின் மொத்த அளவையும் பைட் வரை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கோப்புறை போட்டால் இது ஒரு நிமிட வேலை.

கார்டுகள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். எஸ்எஸ்டியை உங்கள் தங்கையின் பையில் வையுங்கள்.

நடைவழி

அவளிடம் சொல்லிவிட்டேன். மழை உறைக்குள் ஒரு சின்ன ஜிப் பை தைத்திருக்கிறாள், எஸ்எஸ்டி அதில் கச்சிதமாக அடங்குகிறது.