அப்பா 90: குடும்பக் குழு

செல்வி (புதுவை): எல்லோரும் கவனிக்கவும். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் மாறிவிட்டது. அங்கே மோட்டார் பழுது, தண்ணீர் இல்லையாம். சுஃப்ரேன் வீதியில் ஒரு பெரிய வீடு கிடைத்திருக்கிறது. ஹோமம் காலை 9க்கு. தலைக்கணக்கு இன்றைக்கே வேண்டும், சமையல்காரர் கேட்கிறார்.

முரளி (சிதம்பரம்): வண்டி நிறுத்த இடம்?

செல்வி: வேனை கடற்கரைப் பக்கம் விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான்.

தினேஷ்: தாத்தா நடப்பாரா அத்தை?

செல்வி: அவரை ஆட்டோவில் கூட்டி வருகிறேன்.

பிரியா: சுஃப்ரேன் யாருன்னு கவின் கேட்கிறான்.

முரளி: அண்ணன் ஆன்லைனில் இருக்கிறார். போச்சு.

சேகர் (கடலூர்): கவின், நல்ல கேள்வி. சுஃப்ரேன் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1729இல் பிரான்சின் தெற்கே, புரொவான்ஸில் பிறந்தவர். 14 வயதில் கப்பல் ஏறினார். 1747இலும் 1759இலும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். பெயர் வாங்கியதெல்லாம் 50 வயதுக்கு மேல்தான், அதுவும் நம் கரையில். 1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கைக் கரையோரம், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை, 1783 ஜூனில் கடலூர். ஐந்து சண்டைக்கும் எதிரில் நின்றவர் ஒரே ஆள், ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ்.

தினேஷ்: ஐந்திலும் யார் ஜெயித்தது பெரியப்பா?

பிரியா: மாமா, வாழை இலையா, தட்டா?

செல்வி: இலைதான். போன விசேஷத்தில் தட்டு வைத்து வாங்கின பேச்சு போதும்.

சேகர்: இலை. தினேஷ், ஐந்து சண்டையிலும் ஒரு பெரிய போர்க்கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. ஆனால் அவர் செய்த காரியம் வேறு. புதுச்சேரியை 1778லேயே ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். இந்தக் கரையில் அவருக்குத் துறைமுகம் இல்லை, கப்பல் பழுது பார்க்கும் தளம் இல்லை. பாய்மரம் ஒடிந்தால் சின்னக் கப்பலிலிருந்து எடுத்துப் பெரிய கப்பலில் நடுவார். மொரீஷியஸுக்குத் திரும்புங்கள் என்றார்கள், போகவில்லை. போயிருந்தால் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த மைசூர் ஹைதர் அலி தனியாக நின்றிருப்பார். கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டு, ஹைதரை நேரில் போய்ப் பார்த்தார். அது 1782 ஜூலை. அடுத்த மாதமே திருகோணமலையைப் பிடித்தார்.

முரளி: வேன் 6 மணிக்கு இங்கிருந்து கிளம்பும். கடலூரில் அண்ணனை ஏற்றிக்கொள்கிறோம்.

விஜயா (பாரிஸ்): இங்கே ஈஃபில் கோபுரத்தின் பக்கத்திலேயே அவர் பெயரில் அகலமான சாலை இருக்கிறது. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், இந்தக் கதை தெரியாது. அப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினேனே, வந்ததா?

செல்வி: வந்தது. புதுவை வெயிலில் ஸ்வெட்டர்!

விஜயா: மார்கழிக்கு ஆகும் அக்கா.

பிரியா: சுஃப்ரேன் நல்லவரா, கெட்டவரா என்று கவின் கேட்கிறான்.

சேகர்: திறமையில் சந்தேகமே இல்லை. முன்கோபக்காரர். பாதி கேப்டன்கள் கிட்டே போய்ச் சண்டை போடாமல் தூரத்தில் நின்றார்கள், சிலரைப் பதவியிலிருந்து தூக்கி ஊருக்கு அனுப்பினார். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். ஆங்கிலேயக் கைதிகளுக்குச் சோறு போட வழியில்லை, கைதிகளை மாற்றிக்கொள்ளவும் ஆங்கிலேயர் சம்மதிக்கவில்லை. அவர்களை ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். அங்கே அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதையும் சேர்த்தே சொல்லிக் கொடு பிரியா.

முரளி: அண்ணா, நீங்கள் எத்தனை பேர்?

சேகர்: நாலு. கடலூர் சண்டையை இன்னும் சொல்லவில்லை. 1783 ஜூன். தரைவழியாக ஆங்கிலேயப் படை கடலூரை முற்றுகை போட்டிருந்தது, உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. கடலில் ஹியூஸிடம் 18 கப்பல், சுஃப்ரேனிடம் 15. பீரங்கிக்கு ஆள் போதாமல் கோட்டையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அதில் நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. கரையில் துப்பாக்கி பிடித்தவன் ஆடுகிற கப்பலில் நின்று பீரங்கி இழுத்திருக்கிறான்! அவர்கள் ஒருவர் பெயரும் எந்த வீதிக்கும் இல்லை. 20ஆம் தேதி சண்டை முடிந்து ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார், கடலூர் தப்பித்தது. இதில் கொடுமை, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்து போட்டாயிற்று. செய்தி இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. செத்தவர்கள் செத்ததுதான்.

விஜயா: ஐயோ.

சேகர்: அதனால்தான் கேட்கிறேன், வேன் சில்வர் பீச்சில் பத்து நிமிடம் நிற்கட்டும். பிள்ளைகள் அந்தக் கடலைப் பார்க்கட்டும். நம் பழைய வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அந்தக் கடல் அப்படியே தெரியும்.

முரளி: அந்த வீட்டை விற்க அவசரப்பட்டது யார்?

செல்வி: முரளி. ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் இந்தப் பேச்சு வரக் கூடாது.

முரளி: நான் ஒன்றும் சொல்லவில்லை.

சேகர்: கையெழுத்து போட்டது நாலு பேரும்தான்.

தினேஷ்: 9க்கு ஹோமம். 6க்குக் கிளம்பினால் பீச்சில் நிற்க நேரம் இருக்குமா?

சேகர்: 5.30க்குக் கிளம்புங்கள்.

தினேஷ்: அம்மா முடியாது என்கிறாள்.

பிரியா: திரும்பும்போது நிறுத்தலாமே? கவினும் சிதம்பரம் வருகிறேன் என்கிறான், உங்களோடு வேனில் அனுப்புகிறேன்.

சேகர்: சாயங்காலம் கூட்டமாக இருக்கும். சரி, பார்ப்போம்.

பிரியா: மாமா, அப்புறம் அவர் என்ன ஆனார்?

சேகர்: ஊர் திரும்பும் வழியில், தென்னாப்பிரிக்க முனையில், இவரோடு சண்டை போட்ட ஆங்கிலேயக் கேப்டன்களே இவர் கப்பலுக்கு வந்து மரியாதை செய்தார்கள். 1784இல் பிரான்சில் பெரிய வரவேற்பு. இவருக்காகவே புதிதாக ஒரு துணை அட்மிரல் பதவி உண்டாக்கினார்கள். 1788 டிசம்பரில் பாரிஸில் இறந்தார். புரட்சி வர இன்னும் சில மாதம்தான் இருந்தது.

செல்வி: எல்லாம் சரி. தலைக்கணக்கு?

முரளி: சிதம்பரம் 11.

விஜயா: நான் வீடியோ காலில். எனக்கும் ஒரு இலை போடுங்கள்.

செல்வி: சேகர் 4, முரளி 11, நாங்கள் 9. பண்ருட்டி மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்டீர்களா?

தினேஷ்: அவர்களைக் கூப்பிட்டோமா?

செல்வி: முரளி, உடனே எனக்கு போன் போடு.