வளைக்கும்போது மட்டும் எலக்ட்ரோடு கட் ஆகுது, கேதீட்டர் ஹேண்டிலுக்குள்ள வயர் எப்படி கனெக்ட் பண்றீங்க?

கம்பி_குமரன்:

வணக்கம் மக்களே. சென்னைக்கு வெளிய ஒரு சின்ன மெடிக்கல் டிவைஸ் கம்பெனில டிசைன் பக்கம் இருக்கேன். இதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் ஈசிஜி கேபிள் பண்ணிட்டிருந்தேன், அதனால சால்டரிங் எனக்கு புதுசு இல்ல, ஆனா இந்த கேதீட்டர் ஹேண்டில் ரெண்டு மாசமா உயிரை வாங்குது.

மேட்டர் இதான். இதயத்துக்குள்ள விட்டு மின் சிக்னல் பாக்குற மெல்லிசு குழாய், நுனியை வளைச்சு திருப்பற ஸ்டீரபிள் ஈபி கேதீட்டர், 7 ஃப்ரெஞ்ச், அதாவது வெளிவிட்டம் 2.3 மி.மீ. சொச்சம். நுனில 10 பிளாட்டினம் எலக்ட்ரோடு, ஒவ்வொண்ணுலேந்தும் 40 கேஜ் காப்பர் வயர், மேல பாலிமைடு இன்சுலேஷன். பத்து வயரும் ஷாஃப்ட் வழியா வந்து ஹேண்டிலுக்குள்ள நுழைஞ்சு, பின்னாடி இருக்குற 10 பின் கனெக்டர்ல நேரா சால்டர். ஹேண்டில் பிஸ்டன் டைப், கட்டைவிரலால நாப்பை முன்னாடி தள்ளுனா நுனி வளையும், மொத்த ஓட்டம் 14 மி.மீ.

நேரா வச்சு டெஸ்ட் பண்ணா பத்து லைனும் சுத்தம், எல்லாமே 4 ஓம் கிட்ட காட்டுது. க்யூசி-ல கண்ணை மூடிட்டு பாஸ். அம்பது அறுபது தடவை வளைச்சு நிமிர்த்துன அப்புறம் 7-வது 8-வது லைன் ரெண்டும், முழுசா வளைச்ச நிலைமைல மட்டும், ஆசிலோஸ்கோப்ல டப் டப்னு ஸ்பைக் அடிக்குது, விட்டா மறுபடி நல்ல புள்ளையா ஆயிடுது. டிரை சால்டர்னு நெனச்சு மூணு தடவை அந்த ரெண்டு பின்னையும் பிரிச்சு திரும்ப பத்தவச்சிட்டேன். எங்க மேனேஜர் "இன்னும் கொஞ்சம் ஈயம் வைப்பா"ங்கறார். இன்சுலேஷனை பிளேடாலதான் சுரண்டி எடுக்குறோம், வேற வசதி இல்ல. கிரிம்ப் போகலாமா, இல்ல கண்டக்டிவ் எபாக்சியா, இல்ல சின்னதா ஒரு பிசிபி (சர்க்யூட் போர்டு) வைக்கணுமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க.

பினாங்கு_மணி:

தம்பி, சால்டரை விட்ருங்க, உங்க ஜாயின்ட்ல ஒண்ணும் இல்லன்னுதான் எனக்கு படுது. நான் பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் கேதீட்டர் லைன்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவன், நீங்க சொல்ற கதை எங்க லைன்லயும் நடந்ததுதான்.

ஹேண்டில் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சு பாருங்க. நுனியை இழுத்து வளைக்கற கம்பி, அதான் புல் வயர், அதோட பின்பக்கம் ஹேண்டில் பாடில ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ஷாஃப்ட்டோட பின்பக்கம் பிஸ்டன்ல ஒட்டியிருக்கு. நீங்க நாப்பை தள்ளுனா ஷாஃப்ட்தான் முன்னாடி போகுது, புல் வயர் அங்கேயே நிக்குது, அதனால நுனி வளையுது. வில்டன் வெப்ஸ்டர் 1990-ல வாங்குன பேடன்ட்லயே இந்த பிஸ்டன் ஹேண்டில்தான் இருக்கும், அது காலாவதியாயி ரொம்ப நாள் ஆச்சு, படிச்சு பாருங்க, படத்தோட இருக்கு. இப்ப உங்க எலக்ட்ரோடு வயரை பாருங்க, ஒரு நுனி ஷாஃப்ட்டோட சேந்து முன்னாடி போகுது, இன்னொரு நுனி பின்னாடி கனெக்டர்ல கட்டிப் போட்டிருக்கு. நடுவுல 14 மி.மீ. யார் குடுப்பா? உள்ள தொய்வு இருந்தா தொய்வு குடுக்கும், இல்லன்னா காப்பர் குடுக்கும்.

40 கேஜ்னா 0.08 மி.மீ., தலைமுடி சைஸ். பதமான காப்பர்னா நூறு நூத்தி இருபது கிராம் இழுத்தா அறுந்துரும், அதுக்கு ரொம்ப முன்னாடியே, முப்பத்தஞ்சு கிராம் கிட்டயே, நீண்டு போயி திரும்பாம ஆயிடும். உங்க வயர் மொத்தம் ஒரு மீட்டருக்கு மேல இருக்குறதால முதல் தடவையே அறுக்காது, கொஞ்சம் நீளும். பிஸ்டன் திரும்பி வரும்போது அந்த நீண்ட காப்பர் சுருங்காது இல்லையா, அந்த எக்ஸ்ட்ரா நீளம் ஹேண்டிலுக்குள்ள எங்கயாவது மடங்கி உக்காரும். எங்க மடங்கும்? சால்டர் முடியற எடத்துல, ஏன்னா அங்கதான் விறைப்பு முடிஞ்சு மெல்லிசு ஆரம்பிக்குது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே புள்ளில மடிச்சு நிமிர்த்தி மடிச்சு நிமிர்த்தி, ஒரு ஜெம் கிளிப்பை எப்படி ஒடைப்போம், அதேதான். இதுல இன்னும் ஈயம் வச்சா விறைப்புதான் கூடும், மேனேஜர்கிட்ட பதமா சொல்லிருங்க.

நாங்க செய்யறது: பிஸ்டனை முழுசா முன்னாடி தள்ளி லாக் பண்ற ஒரு ஜிக் இருக்கும், அதுல வச்சுதான் வயர் நீளம் அளப்போம், அதுக்கு மேல 20 மி.மீ. விட்டு வெட்டி அப்புறம்தான் சால்டர். நேரா இருக்கற நிலைமைல அளந்து வெட்டுனா செத்தோம். நீங்க எந்த நிலைமைல வெட்டுறீங்க?

கம்பி_குமரன்:

அண்ணே... நேரா இருக்கற நிலைமைலதான். கை கால் எல்லாம் சில்லுனு ஆயிடுச்சு படிச்சதும். நாளைக்கு ஒண்ணை அறுத்து பாக்குறேன்.

கோவை_எலக்ட்ரான்:

மணி அண்ணன் சொன்னது முழுக்க சரிங்க, ஆனா ஸ்லாக் (தொய்வு) மட்டும் விட்டா போதும்னு நெனச்சிராதீங்க, ஜாயின்ட் பக்கமும் ரெண்டு மூணு விஷயம் இருக்குங்க.

முதல்ல அந்த பிளேடு. பாலியூரிதேன் எனாமல்னா அயர்ன் சூட்டுலயே எரிஞ்சு போயிரும், பாலிமைடு அப்படி இல்லைங்க, சால்டர் சூட்டுக்கெல்லாம் அசையாது, அதனால எல்லாரும் பிளேடை எடுத்துருவாங்க. 80 மைக்ரான் கம்பில நீங்க சுரண்டும்போது 8 மைக்ரான் வெட்டு விழுந்தா அது விட்டத்துல பத்துல ஒரு பங்கு, களைப்பு முறிவு அங்கதான் ஆரம்பிக்கும். லேசர் ஸ்ட்ரிப்பிங் வெளிய குடுத்தே செய்யலாம்ங்க. கார்பன் டை ஆக்சைடு லேசர்னா காப்பர் மேல மெல்லிசா ஒரு படலம் மிஞ்சும், அதை சுத்தம் பண்ணாம சால்டர் வச்சா ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது.

அப்புறம் சூடு. லெட் ஃப்ரீ சால்டர், 380 டிகிரி அயர்ன், ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் நாலஞ்சு செகண்டுன்னு வச்சா, அந்த தகரம் காப்பரை கரைச்சு தின்னும்ங்க. தடி கம்பில தெரியாது, 0.08 மி.மீ.ல தெரியும். நீங்க மூணு தடவை பிரிச்சு பத்தவச்சேன்னு சொன்னீங்களே, மூணாவது தடவை அந்த கம்பி எவ்வளவு மெலிஞ்சிருக்கும்னு நெனைச்சு பாருங்க. ஒரு தடவை, ஒரு செகண்டு ஒண்ணரை செகண்டு, முடிஞ்சா கம்பியை முன்னாடியே டின் பண்ணிக்கிட்டு, அவ்வளவுதான். சரியா வரலைன்னா அந்த நுனியை வெட்டிட்டு புதுசா ஸ்ட்ரிப் பண்ணுங்க, அதுக்கும் ஸ்லாக் வேணும் பாருங்க.

வளைவு கணக்கு ரொம்ப சுலபம்ங்க. கம்பி விட்டத்தை வளைவு ஆரத்தோட ரெண்டு மடங்கால வகுங்க, அதான் வெளிப்பக்கம் படற இழுவை. 1 மி.மீ. ஆரத்துல மடங்குனா 4 சதவீதம், பத்து இருபது தடவைக்கு மேல நம்ப முடியாது. 10 மி.மீ. ஆரத்துல லூப் போட்டா 0.4 சதவீதம். அதனால 20 மி.மீ. ஸ்லாக்கை அப்படியே கசக்கி திணிக்காம பெரிய லூப்பா படுக்க வைங்க.

நானா இருந்தா கனெக்டர்ல நேரா சால்டர் பண்ணவே மாட்டேங்க. பிஸ்டன் மேலயே ஒரு சின்ன பிசிபி, நகத்து சைஸ் போதும். 40 கேஜ் வயர் எல்லாம் அதுல முடிஞ்சிரும். பிஸ்டனும் போர்டும் ஒண்ணா நகருதுங்கறதால மெல்லிசு கம்பிக்கு இழுவையே கிடையாது. போர்டுலேந்து கனெக்டர் வரைக்கும் சிலிகான் தோல் போட்ட பல இழை வயர், இல்லைன்னா ஒத்தை லேயர் ஃப்ளெக்ஸ் சர்க்யூட். அசைவு எல்லாம் அசையறதுக்குன்னே செஞ்ச பொருள் மேல போயிரும். காசு கொஞ்சம் கூடும், ரிவொர்க் குறையறதுல திரும்பி வந்துரும்ங்க.

கண்டக்டிவ் எபாக்சி வேண்டாம். கிரிம்ப் இந்த சைஸ்ல செய்யலாம், ஆனா டூல் விலை கேட்டா உங்க மேனேஜர் ஈயமே மேல்னுருவார்.

கேத்லேப்_செல்வி:

இந்த பக்கம் எப்பவாவதுதான் வருவேன், ஆனா இதை பாத்துட்டு சும்மா போக முடியல. நான் மதுரைல கேத்லேப்ல, அதான் டாக்டருங்க இதயத்துக்குள்ள கேதீட்டர் விடற ரூம்ல, ஈபி ரெக்கார்டர் முன்னாடி உக்கார்றவ. அந்த "டப் டப்" எங்களுக்கு எப்படி தெரியும்னு சொல்றேன் தம்பி. எங்க பைபோலார் சிக்னலுக்கு 30-லேந்து 500 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஃபில்டர் போட்டிருப்போம், மெதுவா ரெசிஸ்டன்ஸ் ஏறி இறங்குனா அதுல காணாம போயிரும், ஆனா பட்டுனு விட்டு சேர்ற கனெக்‌ஷன் அப்படியே கூரா வந்து நிக்கும், அதுவும் டாக்டர் கேதீட்டரை வளைக்கிற அதே நேரத்துல. வென்ட்ரிக்கிள் மேப்பிங்ல 0.5 மில்லிவோல்ட்டுக்கு கீழ இருந்தா அடர்த்தியான தழும்புன்னு கணக்கு வைக்கிறோம், அந்த அளவு சிக்னலைத்தான் தேடிட்டிருக்கோம், அதுல உங்க வயர் போடற ஸ்பைக்கு அதைவிட பெருசா வந்தா அது இதயமா ஹேண்டிலான்னு நாங்க எப்படி சொல்றது? அரை மணி நேரம் ஈசிஜி பேட்ச், கேபிள், எர்த் எல்லாத்தையும் மாத்தி பாத்துட்டு கடைசிலதான் கேதீட்டர் மேல சந்தேகம் வரும்.

இன்னொண்ணு, டாக்டருங்க நாப்பை தள்ளறதோட நிக்க மாட்டாங்க, ஹேண்டிலை உருட்டிக்கிட்டே இருப்பாங்க. பழைய மாடல் ஒண்ணுல பிஸ்டன் உள்ளயே சுத்தும், நாலு கேஸ் கழிச்சு பிரிச்சு பாத்தா வயர் எல்லாம் ஜடை பின்னுன மாதிரி கிடந்துச்சு. நாலு கேஸான்னு கேக்காதீங்க, ஒரு தடவை யூஸ்னு எழுதியிருந்தாலும் நம்ம ஊர்ல ஈடிஓ (கிருமி நீக்கற வாயு) போட்டு திரும்ப எடுக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். நீங்க 50 தடவைக்கு டிசைன் பண்ணா அது 500 தடவை உழைக்க வேண்டியிருக்கும்னு மனசுல வச்சுக்கங்க.

கம்பி_குமரன்:

அறுத்து பாத்துட்டேன். முழுசா தள்ளுன நிலைமைல மத்த வயருக்கெல்லாம் கொஞ்சம் இடம் இருக்கு, 7-ம் 8-ம் கனெக்டரோட அந்தப் பக்க கோடில இருக்கற பின்னு, அங்க போக சுத்தி வளைச்சு போறதால அந்த ரெண்டுக்கு மட்டும் நேரா இருக்கற நிலைமைலயே ஸ்லாக் 6 மி.மீ.தான், 14 மி.மீ. ஓட்டத்துக்கு பத்தல. மைக்ராஸ்கோப்ல பாத்தா சால்டர் பளபளன்னு இருக்கு, ஒண்ணும் ஆகல. இன்சுலேஷன் ஆரம்பிக்கற எடத்துக்கு கொஞ்சம் உள்ள, பாலிமைடு தோல் முழுசா இருக்கு, உள்ள காப்பர் மட்டும் ரெண்டா நிக்குது! தோல் ஒரு குழாய் மாதிரி ரெண்டு துண்டையும் முட்டிக்கிட்டே வச்சிருக்கு, அதான் நேரா வச்சா 4 ஓம் காட்டுது. மூணு தடவை தப்பான எடத்தை பிரிச்சு மேஞ்சிருக்கேன். மேனேஜரை கூப்பிட்டு காட்டுனேன், ஒண்ணும் பேசாம போயிட்டார்.

செல்வி அக்கா, பிஸ்டன் சுத்தாம இருக்க எங்கள்ட்ட ஒரு காடி (நீள பள்ளம்) இருக்கு, ஆனா லூஸா இருக்கு, அதையும் பாக்குறேன். பிசிபி ஐடியா ஓகே ஆயிடுச்சு. ஒரு சந்தேகம், அடுத்து இதே ஹேண்டில்ல அப்லேஷன் (நுனி சூட்டால திசுவை சுடறது) வெர்ஷன், நுனில வெப்பம் அளக்க டைப் டி தெர்மோகப்பிள், காப்பர் ஒண்ணு கான்ஸ்டன்டன் ஒண்ணு. அந்த ரெண்டையும் இதே பிசிபில முடிச்சிரலாமா?

கோவை_எலக்ட்ரான்:

முடிக்கலாம்ங்க, ஆனா கான்ஸ்டன்டன் கம்பி போர்டுல இருக்கற காப்பரை தொட்ட நிமிஷமே அங்க இன்னொரு தெர்மோகப்பிள் பொறந்துருதுன்னு ஞாபகம் வைங்க. நுனி வெப்பத்தை எதோட ஒப்பிட்டு அளக்கறோமோ அந்த ஜாயின்ட், அதான் கோல்ட் ஜங்ஷன், பவர் குடுக்கற ஜெனரேட்டர் பெட்டிலேந்து நகந்து ஹேண்டிலுக்குள்ள வந்துருச்சு. கேத்லேப் ஏசில ஜெனரேட்டர் 20 டிகிரின்னு நெனச்சு கூட்டிக்கும், டாக்டர் கையில ஹேண்டில் 28 டிகிரி ஆயிருக்கும், நுனி நெஜத்துல 58 டிகிரி இருக்கும்போது மானிட்டர் 50 காட்டும். ஜெனரேட்டர் வெப்பத்தை பாத்து பவர் ஏத்தற மோட்ல இருந்தா, பத்தலைன்னு இன்னும் ஏத்தும். ரத்தம் கருகி நுனில ஒட்டறது, சதைக்குள்ள நீராவி வெடிக்கறது எல்லாம் இந்த மாதிரி எடத்துலதான் போய் முடியும்ங்க. அதனால ஒண்ணு, கான்ஸ்டன்டனை கான்ஸ்டன்டன் பின், கான்ஸ்டன்டன் கேபிள்னு ஜெனரேட்டர் வரைக்கும் கொண்டு போங்க. இல்லைன்னா அந்த ஜாயின்ட் பக்கத்துலயே போர்டுல ஒரு டெம்பரேச்சர் சென்சார் வச்சு கணக்குல சேத்துக்கங்க. டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட்தான் கிடைக்குது, ஃப்ளக்ஸை நல்லா கழுவிருங்க, ஈடிஓ-ல போடற ஈரப்பதத்துல மிச்சமிருக்கற ஃப்ளக்ஸ் கசிவு பாதை ஆயிரும்.

பவர் போற கம்பிக்கு 40 கேஜ் வேண்டாம்ங்க. 50 வாட், 100 ஓம்னு வச்சா 0.7 ஆம்ப், 4 ஓம் கம்பிலயே 2 வாட் சூடாகுது.

பினாங்கு_மணி:

தம்பி, டெஸ்டையும் மாத்துங்க. மல்டிமீட்டர் வச்சு நேரா ஒரு தடவை பாக்கறது எதுக்கும் ஆகாது. பத்து லைனையும் சீரியஸ்ல கோத்து சின்ன கரன்ட் ஒண்ணு விட்டு, வளைச்சு நிமிர்த்திக்கிட்டே ஸ்கோப்ல சிங்கிள் ட்ரிக்கர் வச்சு உக்காருங்க, ஒரு மைக்ரோசெகண்ட் விட்டாலும் மாட்டிக்கும். ஈடிஓ போட்ட அப்புறம் ஒரு தடவை கட்டாயம் செய்யணும்.

அப்புறம் லூப்பு புல் வயர்ல மாட்டாம இருக்க சின்ன டியூப்ல விடுவீங்க இல்ல, அந்த டியூபை வெட்டிட்டு நுனியை அப்படியே விடாதீங்க, சூடு காட்டி வாயை லேசா விரிச்சு விடுங்க. எங்க லைன்ல எல்லாத்தையும் சரி பண்ண அப்புறம் அந்த டியூப் விளிம்பே வயரை அறுத்துச்சு.