ஐம்பது நிமிடத்தில் தேடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

சர்குலேஷன் கவுண்டர்:

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிஎச்.டி. மாணவர்களுக்கு நூலகத்தின் சார்பில் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தம் 50 நிமிடம். போன வருடமும் நான்தான் எடுத்தேன். மதியம் இரண்டு மணி, ஏசி அறை, சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம், 62 ஸ்லைடு. மிச்சத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து, அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் கவுண்டருக்கு ஒரு தாளோடு வந்தார். 11 கட்டுரைகளின் பட்டியல். "மேடம், இது எதுவுமே கிடைக்க மாட்டேங்குது, எடுத்துத் தர முடியுமா?" என்றார். தேடினேன். நான்கு கிடைத்தன. மற்ற ஏழில் ஆய்விதழின் பெயர் சரி, தொகுதி எண் சரி. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருக்கிறார்கள். டிஓஐ எண்ணை (ஒரு கட்டுரைக்கென்று தரப்படும் தனி அடையாள எண்) போட்டால் அப்படி ஒன்றே இல்லை என்று வருகிறது. "சாட்ஜிபிடியில் கேட்டீங்களா?" என்றேன். தலையை ஆட்டினார். இல்லாத கட்டுரையை இருப்பதுபோல அது எழுதிக் கொடுத்திருக்கிறது. திட்ட மனசு வரவில்லை. டிஓஐ என்றால் என்ன என்பது என்னுடைய 41-ஆவது ஸ்லைடில் இருந்தது.

இந்த முறை என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கார்டு கேட்டலாக்:

இதே வேலையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் ஸ்லைடில் நூலக அறிவியல் அறிஞர் ரங்கநாதன் படமும் அவருடைய ஐந்து விதிகளும் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள் அம்மா. அவர் 1931-இல் எழுதியது நமக்கு, மாணவருக்கு அல்ல. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய நான்காவது விதி. அதன்படி பார்த்தாலே அந்த ஸ்லைடு போயாக வேண்டும்.

வகுப்பில் ஒரே ஒரு தேடல் செய்யுங்கள். அது முதலில் எல்லார் கண் முன்னாலும் தோற்க வேண்டும். கடைசி ஐந்தாறு வருடம் நான் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை ஒரு பெண் தன் தலைப்பைச் சொன்னார்: மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காமல் தள்ளிப்போவதால் தஞ்சைப் பகுதிக் குறுவைச் சாகுபடிக்கு ஏற்படும் பாதிப்பு. அந்த முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அப்படியே அடித்தேன். பூஜ்யம். ஏன் என்று கேட்டால் "நெட் ஸ்லோ சார்" என்றார்கள்.

போர்டில் மூன்று வட்டம் போட்டேன். எந்த இடம், எந்தப் பயிர், என்ன நடந்தது. முதல் வட்டத்திலேயே பத்து நிமிடம் போய்விட்டது, போகட்டும் என்று விட்டேன். காவிரியை ஆங்கிலத்தில் சி போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, கே போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. ஒன்றை மட்டும் அடித்தால் மற்றவர்கள் எழுதியது கண்ணிலேயே படாது. தஞ்சாவூர் பழைய ஆங்கில ஆவணங்களில் டான்ஜோர். 1906-இல் வந்த மாவட்ட கெஜட்டியர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. குறுவை என்ற சொல் தமிழ்நாட்டுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? வெளிநாட்டு இதழில் எழுதுகிறவர் "குறுகிய கால நெல்" என்று எழுதியிருக்கலாம். இப்படி ஒரே வட்டத்துக்குள் வருகிற சொற்களுக்கு நடுவே "ஆர்" (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே "ஆண்ட்" (எல்லாமே இருக்க வேண்டும்). திரும்பத் தேடினோம், வரிசையாக வந்தது. அந்தப் பெண் போர்டை போனில் படம் எடுத்துக்கொண்டார். என் ஸ்லைடை யாரும் அதுவரை படம் எடுத்ததில்லை.

894.811:

நான் தமிழ்த் துறையில் ஆய்வு மாணவன். எங்கள் ஆட்களுக்கு எடுப்பதாக இருந்தால் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். வெளிநாட்டு நூலகப் பட்டியலில் சிலப்பதிகாரத்தை ஆங்கில எஸ் போட்டுத் தேடி, "நம்ம புத்தகத்தை அங்க வைக்கவே இல்லை" என்று ஒரு வாரம் கோபமாக இருந்திருக்கிறேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையில் ச எப்போதும் சி, ட எப்போதும் டி (ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்து), ப எப்போதும் பி. உச்சரிப்பைப் பார்க்க மாட்டார்கள், எழுத்தைத்தான் பார்ப்பார்கள். பாரதியார் கவிதைகளை ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தில் தேடாதீர்கள், பதினாறாம் எழுத்தில் தேடுங்கள். (இரண்டையுமே தமிழில் "பி" என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் பிரச்சினையே!)

அப்புறம் ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியம். அதில் ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். என் தலைப்புக்குப் பக்கத்தில் வருகிற ஆய்வேட்டை எடுத்து, முதலில் துணைநூற்பட்டியல் கோப்பை மட்டும் திறப்பேன். அவர் மூன்று நான்கு வருடம் அலைந்து சேர்த்தது ஒரே இடத்தில் கிடைக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தற்செயலாகக் கண்டுபிடித்தேன்.

சும்மா சொல்றேன்:

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் என்ன எடுத்தாலும் கடைசியில் வருவது ஒரே கேள்விதான்: "சிமிலாரிட்டி 10 சதவீதத்துக்குள்ள வர என்ன பண்ணணும்?" (ஆய்வேட்டில் மற்றவர்கள் எழுதியதோடு ஒத்துப்போகும் பகுதியின் அளவு அது.) 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்ததிலிருந்து தேடுவதைவிட அந்த எண்தான் இவர்களுக்குப் பெரிது.

50 நிமிடத்துக்காக மண்டையை உடைப்பதைவிட, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை என்று யுஜிசி கொண்டுவந்த கோர்ஸ் ஒர்க் தாள் (பிஎச்.டி. மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம்) இருக்கிறதே, 2 கிரெடிட், 30 மணி நேரம், அதைப் பாருங்கள். தரவுத்தளங்களுக்கும் ஆய்வு அளவீடுகளுக்கும் அதில் ஒரு அலகே தனியாக உண்டு. பல இடங்களில் அதை யாராவது ஒரு பேராசிரியர் ஸ்லைடைப் படித்து முடித்துவிடுகிறார். நூலகம் எடுக்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள். என்ன, கையெழுத்துக்கு நாலு மேசை ஏற வேண்டியிருக்கும்.

சர்குலேஷன் கவுண்டர்:

போன வாரம் வகுப்பு முடிந்தது. மூன்று வட்டம்தான் போட்டேன் சார், நன்றி. வந்த தலைப்பு பழவேற்காடு ஏரியில் மைக்ரோபிளாஸ்டிக். பழவேற்காடு என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் கொஞ்சம்தான் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் "மேடம், இங்கிலீஷ்ல புலிகாட்னுதானே எழுதுவாங்க" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் செய்தேன். அந்த 11 கட்டுரைப் பட்டியலை அவரிடமே கேட்டு வாங்கி, பெயரை எடுத்துவிட்டு நகல் போட்டு எல்லாருக்கும் கொடுத்தேன். எது உண்மை, எது பொய் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொன்னேன். முதலில் டிஓஐ, அப்புறம் அந்த இதழின் பொருளடக்கம், அவ்வளவுதான் வழி. ஒரு குழு ஆறே நிமிடத்தில் ஏழையும் பிடித்துவிட்டது. இன்னொரு குழு உண்மையான கட்டுரை ஒன்றையும் பொய் என்று அடித்துவிட்டது. தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்திருக்கிறது, தேடலில் வரவில்லை. அதைப் பேசி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஸ்லைடு மொத்தம் மூன்று, மூன்றாவதைக் காட்டவே இல்லை.

சிமிலாரிட்டி கேள்வியும் வந்தது. இரண்டு பேர் கேட்டார்கள்.

894.811, தமிழ்த் துறைக்கு அடுத்த மாதம் தனியாக ஒரு வகுப்பு கேட்டிருக்கிறார்கள். ச, ட, ப விஷயத்தை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா? நெறிமுறைத் தாளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன், இரண்டாவது மேசையில் இருக்கிறது.