புதுப்பிப்பு: தென்னங்குழியில் கிடைத்த காசுகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: கொல்லையில் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போது பச்சை படிந்த ஐந்து செப்புக் காசுகள் கிடைத்தன, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று. 'தொடாதே' என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதற்குள் அத்தை ஒன்றைப் புளியால் தேய்த்துவிட்டார். அது பளபளவென்று இளஞ்சிவப்பாகிவிட்டது, எழுத்தெல்லாம் மழுங்கிப்போச்சு. புளியின் அமிலம் பச்சைப் படிவத்தோடு எழுத்து விளிம்பையும் தின்றுவிடுகிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

மற்ற நான்கையும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் மூன்று வாரம் ஊறவைத்தேன், இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றி. பிறகு மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் மெல்ல நெம்பினேன். முதலில் தெரிந்தது 'XX' என்ற எழுத்து (ரோமன் எண்ணில் இருபது), அதற்கு மேல் பாரசீக வரிகள். மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னம், கீழே 1808. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காமின் சோஹோ அச்சாலையில் அடித்த இருபது காசு! இதே 1808 காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. நம்ம கொல்லைக்கு வந்தவை தப்பி வந்த வேறு சரக்கு.

ஒன்றில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது. அது உப்பு அரிப்பு, பரவும். தனி டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.