அப்பீல் கணக்கு: அமெரிக்க ஃபெடரல் கோர்ட் பத்தி நம்ம குரூப்ல பேசினது

கார்த்தி: அத்தை, ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல தோத்துட்டா 9வது சர்க்யூட்ல (அதுக்கு மேல இருக்கற ஃபெடரல் அப்பீல் கோர்ட்) புது சாட்சி, புது டாக்குமெண்ட் குடுத்து திரும்ப வாதாடலாமா?

ரேவதி அத்தை: முடியாதுப்பா. அப்பீல்னா ரெண்டாவது விசாரணை இல்ல. சாட்சி, ஜூரி, ஆதாரம் எல்லாம் கீழ் கோர்ட்டோட சரி. மேல 3 ஜட்ஜ் உக்காந்து, கீழேர்ந்து வந்த ரெக்கார்டைத்தான் படிப்பாங்க.

குமார் சித்தப்பா: கீழ் கோர்ட் ஜட்ஜ் சட்டத்தைத் தப்பா எடுத்துக்கிட்டாரான்னா ஆதியிலேர்ந்து பாப்பாங்க. யார் சொன்னது நிஜம்ங்கிறதுல அவ்வளவு சுலபமா கை வைக்க மாட்டாங்க. சாட்சி தடுமாறினதைக் கண்ணால பாத்தவர் கீழ இருந்தவர்தானே அக்கா?

ரேவதி அத்தை: அதேதான் தம்பி. அப்பீல்ல ஜெயிக்கிறதும் தோக்குறதும் கீழயே முடிவாயிடுது. அப்ஜெக்‌ஷனை அங்கயே, அந்த நிமிஷமே, காரணத்தோட சொல்லணும். சிவில் ஜூரி கேஸ்ல “ஆதாரம் பத்தாது”ன்னு மேல சொல்லணும்னா, ஜூரி கலந்து பேச உள்ள போறதுக்கு முன்னாடி “எதிர்த் தரப்புக்கு ஆதாரம் பத்தாது, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க”ன்னு ஜட்ஜ்கிட்ட கேக்கற ரூல் 50(ஏ) மோஷன், ஜட்ஜ்மெண்ட் வந்து 28 நாளுக்குள்ள அதையே திரும்பக் கேக்கற 50(பி). முதல்ல போட்டாச்சேன்னு ரெண்டாவதை விட்டா அந்த வாதமே போச்சு.

கார்த்தி: அப்பீல் போட எத்தனை நாள்?

ரேவதி அத்தை: சிவில்ல 30. அமெரிக்க அரசாங்கமோ அதோட ஏஜென்சியோ ஒரு தரப்பா இருந்தா 60. கிரிமினல்ல தண்டனை வாங்கினவருக்கு 14. ஜட்ஜ்மெண்ட் டாக்கெட்ல (கோர்ட்டோட வழக்குப் பதிவேடு) ஏறின நாள்லேர்ந்து எண்ணணும், உங்க கைக்கு வந்த நாள்லேர்ந்து இல்ல. நோட்டீஸ் ஆஃப் அப்பீல் ஒரு பக்கம் போதும், குடுக்கறது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கிளார்க்கிட்ட. ஃபீஸ் 605 டாலர்.

குமார் சித்தப்பா: ஒரு நாள் தப்பினா?

ரேவதி அத்தை: 2007ல சுப்ரீம் கோர்ட் சொன்ன பௌல்ஸ் வழக்கைப் பாருங்க. ஓஹாயோ கைதி. அப்பீல் கெடுவைத் திரும்பத் திறந்தா சட்டப்படி 14 நாள்தான். ஜட்ஜ் தவறுதலா 17 நாள்னு எழுதிட்டார். அதை நம்பி 17க்குள்ள, ஆனா 14 தாண்டிப் போட்டாங்க. கெடு தாண்டிடுச்சுன்னு அந்த அப்பீலை 5க்கு 4ன்னு தள்ளிட்டாங்க. எனக்கு இன்னமும் மனசு ஆறல. ஜட்ஜ் எழுதின தேதியானாலும் நாமளே சட்டத்தைத் திறந்து எண்ணணும்.

கார்த்தி: அப்பீல் போட்டா பணம் கட்டறது நிக்குமா?

குமார் சித்தப்பா: தானா நிக்காது. பணம் கட்டச் சொன்ன ஜட்ஜ்மெண்ட்னா முதல் 30 நாள் வசூல் பண்ண முடியாது. அதுக்கப்புறமும் நிறுத்தணும்னா பாண்ட் (தோத்தா பணம் கிடைக்கும்ங்கிறதுக்கு உத்தரவாதம்) கட்டி ஸ்டே, அதாவது வசூலுக்குத் தடை, வாங்கணும். இல்லன்னா அப்பீல் ஓடறப்பவே பேங்க் கணக்குல கை வைக்கலாம்.

ரேவதி அத்தை: நடுவுல வர்ற ஆர்டருக்கு எல்லாம் அப்பீல் கிடையாது, இறுதி ஜட்ஜ்மெண்ட் வரணும். இன்ஜங்க்‌ஷன் (ஒண்ணைச் செய்யணும்னோ செய்யக்கூடாதுன்னோ கோர்ட் போடற உத்தரவு) முக்கியமான விதிவிலக்கு. நியூஸ்ல அரசாங்க உத்தரவுக்குத் தடை போட்ட மறுநாளே அப்பீல்னு வருதே, அதனாலதான்.

கார்த்தி: இமிக்ரேஷன் கோர்ட்டும் இதுல சேர்த்தியா?

ரேவதி அத்தை: இல்ல. அது அரசாங்கத்தோட நீதி அமைச்சகத்துக்குள்ள இருக்கு. அங்க தோத்தா முதல்ல அவங்களோட அப்பீல் போர்டு. அங்கயும் நாடு கடத்தற உத்தரவு உறுதியானா 30 நாளுக்குள்ள மனு. அந்த மனு மட்டும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குப் போகாது, நேரா சர்க்யூட் கோர்ட்லதான் போடணும்.