எஸ்.வி.ஓ.வா, எஸ்.வி.சி.யா? மண்டபம் மாலை வகுப்பில் நடந்தது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மாலை நேரம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் கடல்தொழில் செய்கிற வீட்டுப் பிள்ளைகள். ஆங்கில வாக்கிய வகைகளை எஸ்.வி., எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி. என்று (எஸ் எழுவாய், வி வினை, ஓ என்பது ஆப்ஜெக்ட் எனும் செயப்படுபொருள், சி என்பது காம்ப்ளிமென்ட், அதாவது எழுவாயோ ஆப்ஜெக்டோ யார், எப்படி என்று சொல்லும் பகுதி) மடமடவென்று ஒப்பிப்பார்கள், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து எந்த வகை என்று கேட்டால் மட்டும் தயங்குவார்கள். வினைச்சொல் தனக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று பார்க்க அவர்களை யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.

பாம்பனிலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, 'ஹீ பாட் எ போட்', 'ஹீ பிகேம் எ டிரைவர்', ரெண்டுலயும் கடைசியில பெயர்ச்சொல்தானே வருது, அப்புறம் ஏன் ஒண்ணு ஓ, ஒண்ணு சி?" அருமையான கேள்வி. "அவரும் படகும் ஒண்ணா?" என்றேன். இல்லை. "அவரும் டிரைவரும்?" ஒரே ஆள். ஒரே ஆள் என்றால் காம்ப்ளிமென்ட், வேறு என்றால் ஆப்ஜெக்ட். செயப்பாட்டு வினையாக மாற்றியும் பார்க்கச் சொன்னேன்: 'எ போட் வாஸ் பாட்' நிற்கிறது, பிகேமை அப்படித் திருப்பவே முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு 'தே மேட் ஹிம் லீடர்', 'தே கேவ் ஹிம் மணி' இரண்டையும் அவளே பிரித்தாள். ஹிம்மும் லீடரும் ஒருவர், எனவே எஸ்.வி.ஓ.சி.; ஹிம்மும் மணியும் வேறு வேறு, அதனால் இரண்டு ஆப்ஜெக்ட்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கடினம் என்று யோசித்தால், தமிழில் 'வியாபாரிக்கு அம்மா நண்டைக் கொடுத்தாள்' என்பதை எப்படி மாற்றிப்போட்டாலும் 'ஐ'யும் 'கு'வும் யார் எது என்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் சொல் நிற்கிற இடமே செய்கிறது. 'எங்கப்பா மீனவர்' என்பதற்கு நமக்கு வினையே வேண்டாம், அதனால்தான் 'மை ஃபாதர் ஃபிஷர்மேன்' என்று 'இஸ்' விடுபட்டு வருகிறது.

வகுப்பே சூடானது 'க்ரோ' வந்தபோதுதான். 'தி ப்ரான்ஸ் க்ரூ', இறால் வளர்ந்தது, எஸ்.வி. 'ஹீ க்ரோஸ் ப்ரான்ஸ்', அவர் இறால் வளர்க்கிறார், எஸ்.வி.ஓ. 'தி சீ க்ரூ ரஃப்', கடல் கொந்தளிக்கத் தொடங்கியது, எஸ்.வி.சி. இறால் பண்ணைக்காரர் மகன் ஒருவன், "அப்போ வினையை மட்டும் பார்த்து வகை சொல்ல முடியாதா?" என்றான். முடியாது, முழு வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். வினை வகைப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

'ஏ'தான் இன்னும் தகராறு, அதாவது எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லும் அட்வெர்பியல். 'ஹீ புட் தி நெட் இன் தி போட்' என்பதில் 'இன் தி போட்'டை எடுத்தால் வாக்கியம் விழுந்துவிடும், 'ஹீ ஸ்லெப்ட் இன் தி போட்' என்பதில் எடுத்தாலும் நிற்கும். ரேண்டால்ஃப் குவர்க் என்ற மொழியியலாளரும் வேறு மூவரும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் வினைக்குக் கட்டாயம் தேவைப்படும் 'ஏ'வை மட்டும் கணக்கில் வைத்து ஏழு வகை சொல்கிறது, ஆனால் இங்கே பிள்ளைகள் எழுதும் தேர்வில் இரண்டுக்குமே 'ஏ' போடுகிறார்கள். உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?